நாடு பல கண்ட இஞ்சினீயர்

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கார்ன்வால் என்றொரு பகுதி உண்டு. மூன்று புறமும் கடல் சூழ்ந்த நிலம் அது. அதன் வயிற்றிலோ செம்பும் தகரமும் நிறைந்திருந்தன. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், அங்குள்ள சிறிய பள்ளிக்கூடம் ஒன்றின் ஆசிரியர் தம் மாணவன் ஒருவனைப் பற்றித் தம் கருத்தைத் தெரிவித்தார். கீழ்ப்படியாதவன், மந்தன், பிடிவாதக்காரன், செல்லத்தால் கெட்டவன், அடிக்கடி பள்ளிக்கு வராதவன், வந்தாலும் கவனியாதவன் என்பது அக்கருத்தின் சாரம். நான் முப்பத்தைந்து ஆண்டுகளைப் பள்ளிக்கூடங்களிலே கழித்தவன். மாணவர் நடத்தையைப் பற்றிய குறிப்புகள் எத்தனையோ என் கண்ணில் பட்டிருக்கின்றன. ஆறு குற்றங்களை ஒரே மூச்சில் அடுக்கிய குறிப்பு இது ஒன்றுதான்.

அந்த மாணவனின் பெயர் ரிச்சர்டு டிரெவிதிக். 1771-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் நாள் பிறந்தவன். தந்தையார் சுரங்கங்களை மேற்பார்வை பார்ப்பவர். பையன் பள்ளிக்கு வராத நாட்களில் எங்கே போனான் என்று கேட்கவேண்டியதில்லை. சுரங்க வாயிலில் நீர் இறைக்கும் யந்திரங்களின் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருப்பான். அவனைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. ஒருநாள் அவன் போட்ட கணக்கைப் பார்த்த ஆசிரியர், "விடை சரி, ஆனால் நான் சொல்லிக்கொடுத்த முறைப்படி போடவில்லையே" என்றாராம். "நீங்கள் ஒரு கணக்குப் போடுவதற்குள் நான் ஆறு போட்டுவிடுவேன்" என்றானாம் பையன்.

அந்த ஆசிரியரை எள்ளி நகையாடுவது எளிது. அறிஞர்களின் வரலாற்றை எழுதுவோர் வழக்கமாக அப்படித்தான் செய்கிறார்கள். நான் அப்படிச் செய்யமாட்டேன். அவர் பொய் சொல்லவில்லை. டிரெவிதிக்கின் வாழ்க்கை முழுவதையும் பார்த்தால், அக்குறிப்பில் உள்ள ஒவ்வொரு குணமும் கடைசிவரை அவரை விட்டு நீங்கவில்லை என்பது விளங்கும். அவற்றைக்கொண்டே அவர் பெரிய காரியங்களைச் செய்தார். அவற்றாலேயே தம்மையும் தம்மைச் சார்ந்தவர்களையும் அல்லல்படுத்தினார். இவ்விரண்டையும் சேர்த்தே உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

கார்ன்வாலில் சுரங்கங்கள் ஆழமாகத் தோண்டத் தோண்ட ஊற்றுநீர் பெருகியது. அந்த நீரை இறைக்க நீராவி யந்திரம் வேண்டும். யந்திரத்துக்கு நிலக்கரி வேண்டும். கார்ன்வாலிலோ நிலக்கரி கிடையாது. வேல்ஸ் நாட்டிலிருந்து கடல்வழியே வரவேண்டும். அந்நாளில் சிறந்த யந்திரம் ஜேம்ஸ் வாட் அமைத்தது. பழைய யந்திரத்தைவிட அது குறைந்த கரியில் வேலை செய்தது உண்மையே. ஆனால் மிச்சமான கரியின் விலையில் மூன்றில் ஒரு பங்கை வாட் கம்பெனிக்குக் கட்டவேண்டியிருந்தது. கார்ன்வால் மக்களுக்கு இது பொறுக்கவில்லை. வாட்டின் பேட்டண்டு உரிமை 1800-ஆம் ஆண்டில் முடியும்வரை வழக்கும் வம்புமாகவே இருந்தது.

இந்த இடத்தில் யந்திரத்தின் தத்துவத்தைச் சிறிது கூறவேண்டும். வகுப்பில் நான் ஆண்டுதோறும் ஒரு சோதனை செய்து காட்டுவதுண்டு. ஒரு தகர டின்னில் சிறிது நீர் விட்டுக் கொதிக்கவைத்து, ஆவி நிரம்பியதும் அடுப்பிலிருந்து இறக்கி, வாயை இறுக மூடி, மேலே குளிர்ந்த நீரை ஊற்றுவேன். டின் மடமடவென்று நசுங்கிவிடும். உள்ளேயிருந்த ஆவி நீராகிச் சுருங்கி வெற்றிடம் உண்டாக, வெளியேயுள்ள காற்று அதை நசுக்குகிறது. வாட் யந்திரத்தின் வலிமையில் பெரும்பகுதி இந்த வெற்றிடத்திலிருந்து வந்ததுதான். ஆவியைக் குளிரவைக்க ஒரு தனிக் கலம், அதற்கு ஓயாமல் குளிர்ந்த நீர், காற்றை வெளியேற்ற ஒரு பம்பு, இவற்றையெல்லாம் தாங்க ஒரு கட்டடம் என்று அந்த யந்திரம் வீடுபோல் வளர்ந்து நின்றது. அதைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது.

டிரெவிதிக் வேறு வழியில் எண்ணினார். கொதிகலத்தைக் கெட்டியாகச் செய்து, ஆவியின் அழுத்தத்தை மிக உயர்த்தி, அதன் தள்ளும் வலிமையாலேயே பிஸ்டனை ஓட்டினால் என்ன? வேலை முடிந்த ஆவியை வெளியே ஊதிவிட்டால் குளிர்கலம் எதற்கு? இதனால் எவ்வளவு வலிமை வீணாகும் என்று தம் நண்பர் டேவிஸ் கில்பர்ட்டைக் கேட்டார். கணிதம் கற்ற கில்பர்ட் பிற்காலத்தில் ராயல் சொசைட்டியின் தலைவராக விளங்கியவர். அவர் கூறிய விடை சுருக்கமானது: ஆவியின் அழுத்தம் எவ்வளவாயினும் இழப்பு ஒரே அளவுதான், அது வாயுமண்டலத்தின் அழுத்தமான, ஒரு சதுர அங்குலத்துக்குச் சுமார் 15 பவுண்டு. அப்படியானால் அழுத்தம் ஏற ஏற அந்த இழப்பு அற்பமாகிவிடும் அல்லவா? இதைக் கேட்ட டிரெவிதிக் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை என்று கில்பர்ட்டே எழுதியிருக்கிறார். பள்ளிக்கு ஒழுங்காகப் போகாதவர், தமக்குத் தெரியாததைத் தெரிந்தவரிடம் சென்று கேட்டதை மாணவர்கள் கவனிக்கவேண்டும்.

1801-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முதல்நாள் மாலை, கேம்போர்ன் ஊரின் மேட்டுச்சாலையில், குதிரை பூட்டாத வண்டியொன்று ஏழெட்டுப் பேரைச் சுமந்துகொண்டு நீராவியால் தானே ஏறிற்று. அது எத்தனை நாள் நிலைத்தது என்கிறீர்கள்? நான்கே நாள். மறுமுறை ஓட்டியபோது வண்டி சாலையில் பழுதாகிவிட்டது. அதை ஒரு கொட்டகையில் தள்ளிவிட்டு, டிரெவிதிக்கும் நண்பர்களும் அருகிலிருந்த விடுதியில் வாத்துக்கறி விருந்துண்ணச் சென்றனர். கொதிகலத்தின் அடியில் எரிந்த நெருப்பை அணைக்க ஒருவருக்கும் நினைவில்லை. நீர் வற்றி, இரும்பு சிவந்து, வண்டியும் கொட்டகையும் எரிந்துபோயின. 'கவனியாதவன்' என்று ஆசிரியர் சொன்னது இங்கே உங்களுக்கு நினைவு வரலாம்.

1803-இல் இதைவிடக் கொடிய விபத்தொன்று நேர்ந்தது. கிரீனிச்சில் அவருடைய யந்திரம் ஒன்றைக் காவல் காத்த பையன், ஆவியின் காப்பு வால்வை இறுக்கிக் கட்டிவிட்டு விலாங்கு பிடிக்கப் போய்விட்டான். கொதிகலம் வெடித்து நால்வர் மாண்டனர். உயர் அழுத்த ஆவி கொலைக்கருவி என்று வாட் தரப்பினர் முழங்கினர். உயர் அழுத்தத்தைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்ததற்காகத் தம்மைத் தூக்கிலிடவேண்டும் என்று வாட் சொன்னதாக டிரெவிதிக்கே பின்னாளில் ஒரு கடிதத்தில் குறித்திருக்கிறார். ஆனால் அவர் மனம் தளரவில்லை. கொதிகலத்துக்கு இரண்டு காப்பு வால்வுகள் வைத்தார். அவற்றில் ஒன்றைத் தொழிலாளி தொட முடியாது. நீர்மட்டம் தாழ்ந்தால் தானே உருகி ஆவியை வெளிவிடும் ஈயத் தக்கை ஒன்றையும் கலத்தில் பொருத்தினார். அந்த ஈயத் தக்கை நீராவி யந்திரங்களின் காலம் நெடுகிலும் எத்தனையோ உயிர்களைக் காத்துவந்தது.

அடுத்த ஆண்டு வேல்ஸ் நாட்டில் பெனிடாரன் இரும்பாலையின் முதலாளி ஹாம்பிரே என்பவர், மற்றோர் இரும்பாலை முதலாளியுடன் 500 கினி பந்தயம் கட்டினார். பத்து டன் இரும்பை நீராவியால் தண்டவாளத்தில் இழுத்துச் செல்லலாமா என்பதே பந்தயம். 1804 பிப்ரவரி 21-ஆம் நாள் டிரெவிதிக்கின் எஞ்சின், ஐந்து பெட்டிகளில் பத்து டன் இரும்பையும், ஆசைப்பட்டு ஏறிக்கொண்ட எழுபது பேரையும் இழுத்துக்கொண்டு, ஏறக்குறைய பத்து மைல் தூரத்தை நான்கு மணி ஐந்து நிமிடத்தில் கடந்தது. வழியில் மரங்களை வெட்டியும் பாறைகளை அகற்றியும் சென்றதால்தான் அவ்வளவு நேரம் பிடித்தது. தண்டவாளத்தின் மீது நீராவி எஞ்சின் சுமையை இழுத்துச் சென்றதாக நாம் அறியும் முதல் பயணம் அதுவே. வேலை முடிந்த ஆவியைப் புகைபோக்கிக்குள் ஊதிவிட்டால் அடுப்பின் நெருப்பு கனன்று எரிகிறது என்பதையும் அவர் அப்போதே கண்டுகொண்டார். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலை ரயிலில் சென்றவர்கள் 'குப் குப்' என்ற ஒலியைக் கேட்டிருப்பார்கள். ஆவி அவ்வாறு புகைபோக்கி வழியே வெளியேறும் ஒலிதான் அது.

பந்தயம் வென்றாயிற்று, ஆனால் எஞ்சினின் கனத்தால் வார்ப்பிரும்புத் தண்டவாளங்கள் மளமளவென்று ஒடிந்தன. 1808-இல் லண்டனில், பிற்காலத்தில் யூஸ்டன் ரயில் நிலையம் எழுந்த இடத்துக்கு அருகே, வட்டமான ஒரு பாதை அமைத்து, ஆளுக்கு ஒரு ஷில்லிங் வாங்கிக்கொண்டு மக்களை ரயிலில் ஏற்றிச் சுற்றிக்காட்டினார். அங்கும் தண்டவாளம் உடைந்து எஞ்சின் சாய்ந்தது. உருக்கித் தட்டிய தேனிரும்பால் வலுவான தண்டவாளம் செய்யும் முறை 1820-இல்தான் பிர்கின்ஷா என்பவரால் வந்தது. அதுவரை பாதையையும் வண்டியையும் ஒரே பிரச்சினையாகக் கருதிப் பொறுமையோடு உழைத்தவர் ஜார்ஜ் ஸ்டீபன்சன். ரயிலின் தந்தை என்று உலகம் அவரை அழைப்பதில் எனக்கு வருத்தமில்லை. காத்திருக்கத் தெரிந்தவருக்கு உரிய பெயர் அது. டிரெவிதிக்குக்குக் காத்திருக்கத் தெரியாது. ரயில் ஓடவில்லையா, விட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்.

அந்த அடுத்த வேலைகளும் சாதாரணமானவை அல்ல. தேம்ஸ் ஆற்றின் அடியில் சுரங்கப்பாதை தோண்டினார். ஐந்து அடி உயரமே உள்ள குடைவில் குனிந்து குனிந்து ஆயிரம் அடிக்கு மேல் சென்ற நிலையில், 1808 ஜனவரியில் ஆறு உடைத்துக்கொண்டு உள்ளே புகுந்தது. தொழிலாளர்கள் அனைவரையும் வெளியேற்றிவிட்டுக் கடைசியாக வந்தவர் டிரெவிதிக். நீர் அவர் கழுத்தளவுக்கு ஏறியிருந்தது என்பர். ஆறடி இரண்டங்குல உயரம் அன்று அவருக்கு உதவியது. இங்ஙனம் ஒன்றன்பின் ஒன்றாகப் பணத்தைக் கொட்டி, 1811-இல் திவாலானார்.

இனி அவருடைய பயணத்துக்கு வருகிறேன். தென்னமெரிக்காவில் பெரு நாட்டின் ஆண்டிஸ் மலைமேல், கடல்மட்டத்துக்குச் சுமார் 14,000 அடி உயரத்தில், செரோ தெ பாஸ்கோ என்ற ஊர் இருக்கிறது. அங்கே வெள்ளிச் சுரங்கங்கள் நீரில் மூழ்கிக் கிடந்தன. யூவில் என்பவர் யந்திரம் தேடி இங்கிலாந்துக்கு வந்தார். வாட் கம்பெனியார், தங்கள் யந்திரத்தை அவ்வளவு உயரத்துக்குக் கோவேறு கழுதைகளின் முதுகில் ஏற்ற முடியாது. ஏற்றினாலும் அங்குள்ள மெல்லிய காற்றில் அது சரிவர வேலை செய்யாது என்று கைவிரித்தனர். நான் சொன்ன தகர டின்னை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த மலைமேல் காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஐந்தில் மூன்று பங்குதான். வெற்றிடத்தை நம்பிய யந்திரத்துக்கு அது எப்படிப் போதும்? ஏமாற்றத்தோடு திரும்பவிருந்த யூவில், லண்டன் கடையொன்றில் டிரெவிதிக் யந்திரத்தின் சிறிய மாதிரி ஒன்றைக் கண்டு, 20 கினி கொடுத்து வாங்கிப் பெருவுக்குக் கொண்டுபோனார். மலைமேல் அதை ஓட்டிப் பார்த்தார். ஓடிற்று! காற்றின் துணையை வேண்டாத யந்திரமல்லவா அது?

யூவில் மீண்டும் இங்கிலாந்துக்கு வந்து டிரெவிதிக்கைத் தேடிப் பிடித்தார். 1814-இல் ஒன்பது யந்திரங்கள் கப்பலேறின. 1816 அக்டோபரில் டிரெவிதிக்கும் ஒரு திமிங்கில வேட்டைக் கப்பலில் புறப்பட்டுவிட்டார். அப்போது அவருக்கு வயது 45. வீட்டில் மனைவியும் ஆறு குழந்தைகளும் இருந்தனர்.

லிமா நகரில் அவருக்குக் கோலாகலமான வரவேற்பு. வெள்ளியாலேயே அவருக்குச் சிலை வைக்கவேண்டும் என்ற பேச்சும் எழுந்ததாம். ஆனால் விரைவிலேயே கூட்டாளிகளோடு பிணக்கு உண்டாயிற்று. டிரெவிதிக் சுரங்கத்தை விட்டுப் பெரு நாட்டு மலைகளில் தனியே சுற்றித் திரிந்தார். யூவில் இறந்தபின் திரும்பி வந்து வேலையை மீண்டும் நிலைநிறுத்தினார். அதற்குள் ஸ்பெயினுக்கு எதிராக விடுதலைப் போர் மூண்டுவிட்டது. 1820 டிசம்பரில் செரோ தெ பாஸ்கோவிலேயே சண்டை நடந்தது. அரும்பாடுபட்டு மலையேற்றிய யந்திரங்கள் சிதைந்தன. பொலிவாரின் படைக்காக ஒரு துப்பாக்கியை அமைத்துக்கொடுத்துச் சில காலம் அப்படையிலும் இருந்தார். கடைசியில் கையிலிருந்ததெல்லாம் இழந்து வடக்கே சென்று, கோஸ்டா ரிக்காவில் பொன்னும் வெள்ளியும் தேடலானார்.

அங்கும் தாது கிடைத்தது. ஆனால் அதை எடுக்க யந்திரம் வேண்டும். யந்திரம் ஐரோப்பாவிலிருந்து அட்லாண்டிக் கரைக்கு வந்தாலும், கரையிலிருந்து சுரங்கத்துக்குக் கொண்டுவரப் பாதை வேண்டும். அந்தப் பாதையைத் தாமே கண்டுபிடிப்பதென்று 1827-இல் கிளம்பினார். உடன் வந்தவர்கள் ஜெரார்டு என்ற ஸ்காட்லாந்து நண்பர், இங்கிலாந்துக்குப் படிக்கச் செல்லும் மாண்டியலெக்ரே குடும்பத்துச் சிறுவர் இருவர், உதவியாட்கள் சிலர். வழியில் ஊர் இல்லை, ஒற்றையடிப் பாதையும் இல்லை. அடர்ந்த காடு, வேட்டையாடியதே உணவு. உதவியாட்களில் சிலர் பாதியிலேயே திரும்பிவிட்டனர். மரங்களைப் பிணைத்து மிதவை கட்டி ஆற்றில் இறங்கினர். அது சுழலில் சிக்கியது. ஒருவர் வெள்ளத்தில் மாண்டார். டிரெவிதிக்கும் மூழ்கவிருந்த நேரத்தில் ஜெரார்டு கைகொடுத்துக் கரையேற்றினார். அந்தச் சிறுவர்களில் மூத்தவர் பிற்காலத்தில் எடின்பரோவில் மருத்துவம் பயின்று, 1859-இல் கோஸ்டா ரிக்காவின் ஜனாதிபதியானார். பள்ளிக்கூடம் சேர அவர் நடந்த நடையைப் போல் வேறெந்த மாணவரும் நடந்திருப்பாரா என்பது ஐயமே.

இடர் அதோடு தீரவில்லை. கார்த்தகேனா துறைமுகத்தை நெருங்கும்போது, அவர்மீது மனத்தாங்கல் கொண்ட ஒருவன் படகைக் கவிழ்த்துவிட்டான். முதலையொன்று அவரை நோக்கி வந்தது. கரையில் வேட்டையாடிக்கொண்டிருந்த ஹால் என்ற படை அதிகாரி அதன் கண்ணில் சுட்டு, சுருக்குக் கயிறு வீசி டிரெவிதிக்கை இழுத்துப் போட்டார். இதை ஹாலே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

கார்த்தகேனாவின் விடுதியில் கந்தல் உடையோடு நின்ற அந்தப் பெரியவரைக் கண்டவர் யார் தெரியுமா? ஜார்ஜ் ஸ்டீபன்சனின் மகன் ராபர்ட் ஸ்டீபன்சன். கொலம்பியச் சுரங்கங்களில் மூன்றாண்டு வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பும் 23 வயது இளைஞர் அவர். பல ஆண்டுகளுக்கு முன் நியூகாசிலுக்குச் சென்றபோது குழந்தை ராபர்ட்டைத் தம் மடியில் வைத்துக் கொஞ்சியதுண்டு என்று டிரெவிதிக் நினைவுகூர்ந்தாராம். ஊர் திரும்பும் செலவுக்கு ராபர்ட் 50 பவுன் கொடுத்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1829-இல், அதே ராபர்ட்டின் 'ராக்கெட்' எஞ்சின் ரெயின்ஹில் போட்டியில் வென்று உலகப்புகழ் பெற்றது.

1827 அக்டோபரில் டிரெவிதிக் பால்மத் துறைமுகத்தில் இறங்கினார். பதினோராண்டு அயல்நாட்டு வாழ்வின் தேட்டம் உடுத்திய உடை, ஒரு பொன் கடிகாரம், படம் வரையும் கவராயம், ஒரு திசைகாட்டி, வெள்ளியாலான ஒரு ஜதைக் குதிமுள் ஆகியவையே.

இந்தப் பதினோராண்டும் வீட்டில் இருந்தவர் ஒருவர் உண்டு. அவரை விட்டுவிட்டு இக்கதையைச் சொல்வது நேர்மையன்று. ஹேல் ஊரின் வார்ப்படச் சாலைக் குடும்பத்தில் பிறந்த ஜேன் ஹார்வி 1797-இல் டிரெவிதிக்கை மணந்தவர். கணவர் ஆண்டிஸில் இருக்கிறாரா, போரில் மாண்டாரா என்றுகூடத் தெரியாத காலங்களில், சகோதரரின் துணையோடு ஒரு விடுதியை நடத்தி அவர் ஆறு குழந்தைகளை வளர்த்தார். வரலாற்று நூல்களில் முதலைக்குப் பல பக்கம் உண்டு. இந்த அம்மையாருக்குச் சில வரிகளே. காட்டைக் கடந்தது துணிவுதான். ஆறு குழந்தைகளுக்கு அன்றாடம் சோறு போட்டதற்கு என்ன பெயர் வைப்பது? டிரெவிதிக்கின் அஞ்சாமையை எவ்வளவு போற்றினாலும், இதைக் கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

ஊர் திரும்பிய டிரெவிதிக் ஓய்ந்திருக்கவில்லை. அவருடைய கொதிகலங்களால் கார்ன்வால் சுரங்கங்கள் ஏராளமான கரியை மிச்சப்படுத்திவந்தன. அதற்கு ஈடாக ஏதேனும் வழங்குமாறு 1828-இல் பார்லிமெண்டுக்கு விண்ணப்பித்தார், ஒன்றும் கிடைக்கவில்லை. 1832-இல் சீர்திருத்தச் சட்டம் நிறைவேறியதன் நினைவாக, ஆயிரம் அடி உயரத்தில் வார்ப்பிரும்புத் தூண் ஒன்றை எழுப்பத் திட்டம் தீட்டினார். உள்ளே காற்றின் அழுத்தத்தால் மக்கள் மேலேறிச் செல்ல வசதியும் அதில் இருந்தது. ஐபெல் கோபுரம் எழுவதற்கு அரை நூற்றாண்டுக்கு முந்தைய கனவு இது. கனவாகவே நின்றுவிட்டது.

கடைசியாக அவர் வேலை செய்த இடம் கென்ட் பகுதியில் உள்ள டார்ட்போர்டு. அங்கே ஒரு யந்திரச்சாலையில் புதிய முயற்சி ஒன்றில் ஈடுபட்டிருந்தபோது நுரையீரல் நோய் கண்டு, தாம் தங்கியிருந்த விடுதியில் 1833 ஏப்ரல் 22-ஆம் நாள் காலமானார். உறவினர் ஒருவரும் அருகில் இல்லை. கையில் காசும் இல்லை. யந்திரச்சாலைத் தொழிலாளர்கள் தங்களுக்குள் பணம் திரட்டி நல்லடக்கம் செய்தனர். பெட்டியைத் தாங்களே சுமந்து சென்றனர். உடலைத் தோண்டி விற்கும் திருடர்கள் மிகுந்த காலமாதலால், இரவில் கல்லறைக்குக் காவலும் வைத்தனர். கல் நாட்டப் பணம் போதவில்லை. அவரைப் புதைத்த இடத்தில் அன்று அடையாளம் ஏதும் வைக்கப்படவில்லை.

ஜேன் அம்மையார் 1868 வரை வாழ்ந்தார். மகன்களுள் ஒருவரான பிரான்சிஸ் ரயில்வேயில் எஞ்சின் பகுதித் தலைவராயிருந்து, 1872-இல் தந்தையின் வரலாற்றை எழுதி வெளியிட்டார். ஜப்பான் நாட்டிலேயே செய்யப்பட்ட முதல் ரயில் எஞ்சின் 1893-இல் கோபே நகரத்துப் பட்டறையிலிருந்து வெளிவந்தது. அந்த வேலையை முன்னின்று நடத்தியவர் பிரான்சிஸின் மகன். அவர் பெயரும் ரிச்சர்டுதான்.